கராம்பு மணக்கும் தண்ணீர்

அந்த நிலையத்தில் நான் தரை கழுவத்தான் சேர்ந்தேன். மீன்களை மயக்குவது ஒருநாள் என் வேலையாகும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அதற்கு முன் ஒன்பது வருடம் இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், வீடுகளைத் துப்புரவு செய்தேன். பெரும்பாலும் பொலிதேயாமா நாடக அரங்கைச் சுற்றியுள்ள, உயர்ந்த கூரை வைத்த பழைய வீடுகள். கடைசியாக வேலை செய்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம், வயதாகி மகனோடு வடக்கே போவதென்று முடிவெடுத்தபோது, என்னைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் தன் தங்கையின் மகளான பெறாமகளிடம் சொல்லி வைத்தார். அந்தப் பெறாமகள் மீன் ஆய்வாளர். ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு அப்பால், கடலோரத்தில் இருந்த ஒரு சின்ன மீன் வளர்ப்பு ஆய்வு நிலையம் அவர் பொறுப்பில் இருந்தது. எல்லோரும் அவரைத் தொத்தொரெஸ்ஸா, அதாவது டொக்டர் அம்மா, என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

முதல் நாள் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"மீன் மணம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமோ?"

"நான் மன்னாரில பிறந்தனான். அப்பா கடற்தொழில்" என்றேன்.

மன்னார் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. கடற்தொழில் என்ற சொல்லே அவருக்குப் போதுமாக இருந்தது. நாங்கள் பேசியது இத்தாலிய மொழியில்தான். ஆனால் இப்போது நினைத்துப் பார்க்கும்போது அவர் பேசியதெல்லாம் எங்கள் தமிழில்தான் காதில் விழுகிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

நிலையம் என்றால் ஒரு நீண்ட கொட்டகை. உள்ளே வரிசையாக வட்டத் தொட்டிகள், இரவுபகலாக இரையும் பம்புகள், ஓரத்தில் ஓர் ஆய்வறை. தொட்டிகளில் ஒராத்தா என்ற மீன். எங்கள் விளைமீனின் சாயல்தான், ஆனால் இரண்டு கண்களுக்கும் நடுவில் பொன்னிறத்தில் ஒரு கோடு ஓடும். என் கணவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். அந்த மீனை நாளுக்கு எத்தனை தடவை சுடுகிறார் என்று அவருக்கே தெரியாது.

சேர்ந்து இரண்டாவது மாதம் இருக்கும். ஆய்வறைக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கராம்பு மணத்தது. கறிக்குப் போடும் கராம்பு அல்ல. பஞ்சில் தோய்த்துப் பல்லில் வைக்கிற கராம்பெண்ணெயின் காரமான மணம். கதவில் தலையை நீட்டினேன்.

"ஆருக்குப் பல்லுக்கொதி?"

தொத்தொரெஸ்ஸா நிமிர்ந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "மீனுக்கு" என்றார்.

மேசையில் மூன்று மண்ணிறப் போத்தல்கள் இருந்தன. ஒன்றில் கராம்பெண்ணெய், ஒன்றில் எலுமிச்சைப் புல் எண்ணெய், இன்னொன்றில் பசிலிக்கோ என்று இங்கே சொல்லும் துளசிச் சாதி இலையின் எண்ணெய். அவற்றைத் தண்ணீரில் கலந்து மீனை மயக்கப் போகிறாராம்.

"பிடிச்சுத் திங்கிற மீனை ஏன் நித்திரையாக்க வேணும்?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. தண்ணீரைவிட்டு வெளியே வந்த மீன் துடிக்கும், பிறகு அடங்கும். சின்ன வயதிலிருந்து நான் கண்டது அவ்வளவுதான்.

அவர் பொறுமையாகச் சொன்னார். வளர்க்கிற மீனைச் சும்மா விட முடியாது. நிறுக்க வேண்டும், அளக்க வேண்டும், நோய்த் தடுப்பூசி போட வேண்டும். ஒவ்வொரு முறையும் மீன் பயத்தில் துள்ளும். செதில் உரியும், அந்த இடத்தில் புண் வரும், நாலைந்து நாள் தீன் எடுக்காது. சிலது செத்தும் போகும். மயக்குவதற்கு வெள்ளைத் தூள் ஒன்று உண்டு. அது நல்ல மருந்துதான், ஆனால் கலக்கிறவர் கையுறையும் முகமூடியும் போட வேண்டும், மருந்து உடம்பைவிட்டுப் போகும்வரை மீனைச் சந்தைக்கு அனுப்ப முடியாது. செடியிலிருந்து எடுத்த எண்ணெய் அதே வேலையை மீனுக்கும் மனிதருக்கும் கெடுதல் இல்லாமல் செய்யுமா, எவ்வளவு போட்டால் போதும், எவ்வளவு போட்டால் ஆபத்து என்று பார்ப்பதுதான் அவருடைய ஆய்வு.

"இப்போதைக்கு ஆய்வுக்கு மட்டும்தான் அனுமதி. இந்த மீன் ஒண்டும் ஆரின்ரை சட்டிக்கும் போகாது" என்றார்.

அன்று துடைப்பத்தைப் பிடித்தபடியே நின்று பார்த்தேன். எண்ணெய் தண்ணீரோடு சேராது என்பதால் முதலில் கொஞ்சம் அற்ககோலில் விட்டுக் குலுக்கினார். அதைக் கடல்நீர் நிரப்பிய பெரிய வாளியில் ஊற்றியதும் தண்ணீர் லேசாக வெளிறியது. மீனை விட்டார். அது இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு குடித்தவரைப் போல ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரப் பார்த்து, முடியாமல், மெல்லப் புரண்டது. அவர் வாலை நுள்ளினார். அசைவில்லை. செவுள் மூடி மட்டும் ஆறுதலாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஈரத் துணியில் கிடத்தி அளந்து, நிறுத்து, எண்ணெய் கலக்காத நல்ல கடல்நீரில் விட்டார். கொஞ்ச நேரத்தில் வால் அசைந்தது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல அது நீந்திப் போனது.

வீட்டில் சொன்னேன். கணவர் சிரித்தார். "நித்திரையாக்கின மீனை இஞ்சாலை அனுப்பச் சொல்லப்பா. துள்ளாமல் சட்டிக்குள்ளை கிடக்கும்."

சில வாரங்களில் தொத்தொரெஸ்ஸாவின் உதவியாளர் பிள்ளைப்பேற்று விடுப்பில் போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. ஒருநாள் தொத்தொரெஸ்ஸா என் கையில் ஒரு நிறுத்தற் கடிகாரத்தைத் தந்தார்.

"செவுள் ஒருக்கால் திறந்து மூடினால் ஒண்டு. அரை நிமிசத்துக்கு எத்தினை எண்டு எண்ணிச் சொல்லுவீங்களோ?"

எண்ணினேன். செபமாலை சொல்லிப் பழகிய எனக்கு எண்ணிக்கை பிசகாது. தமிழில் வாய்க்குள் எண்ணி, இத்தாலியத்தில் சொல்வேன். அவர் எழுதிக்கொள்வார். விழித்திருக்கும் மீன் எப்படி மூச்சு விடும், மயங்கும்போது அது எப்படித் தாழும், எந்த இடத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதெல்லாம் மெல்ல மெல்ல என் கண்ணில் பதிந்துவிட்டன. காலையில் தரை, பிறகு வாளிகளை நிரப்புவது, பிறகு எண்ணுவது. அந்த மணிநேரங்களுக்காகவே காலையில் பஸ்ஸில் ஓடிப்போய் ஏறினேன் என்று சொன்னால் மிகையில்லை.

யூன் மாதத்தில் ஒருநாள் ஷிரொக்கோ வீசியது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் அந்த வெப்பக் காற்று வந்தால் பலெர்மோவில் கதவுப் பிடியும் சுடும். வெயிலில் கிடந்த குழாயால் நான் வாளிகளை நிரப்பினேன். நிரப்பும்போதே தண்ணீர் கையில் வெதுவெதுப்பாகப் பட்டது. வழக்கமான தண்ணீர் அல்ல என்று தெரிந்தது. வெப்பமானியைத் தொத்தொரெஸ்ஸா காலையிலேயே பார்த்துக் குறித்துவிட்டார் என்பதும் தெரியும். சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லவில்லை.

எண்ணெயின் அளவு முந்திய கிழமை போட்ட அதே அளவுதான். ஆனால் மீன்கள் விட்டவுடனேயே புரண்டன. நான் இருபது வரை எண்ணுவதற்குள் ஒரு மீனின் செவுள் நின்றது. பிறகு இன்னொன்று. தொத்தொரெஸ்ஸா இரண்டு கையாலும் அள்ளி அள்ளி நல்ல தண்ணீரில் போட்டார். நானும் அள்ளினேன். பாதிக்கு மேல் மீண்டன. ஏழு மீளவில்லை.

அவர் கவிழ்த்து வைத்த மீன் பெட்டி ஒன்றில் உட்கார்ந்து, ஈரக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். யாரையும் ஏசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. கணவர் கேட்டார், "என்னப்பா, ஏழு மீனுக்கே இந்த முகம்?"

"மீன்தான். ஆனா தண்ணி சுடுதெண்டு தெரிஞ்சும் நான் வாய் திறக்கேல்லை."

"ஏன் திறக்கேல்லை?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பலெர்மோவுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில், சிஞ்ஞோர் குடிக்கும் மருந்தின் திகதி முடிந்திருப்பதைக் கண்டு சிஞ்ஞோராவிடம் சொன்னேன். அவர் போத்தலை என் கையிலிருந்து பறித்து, "உன்ரை வேலை தரை. தரையைப் பார்" என்றார். அதன்பிறகு எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கசியும் குழாய், கழன்ற மின்கம்பி, பிள்ளைகளின் கள்ளத்தனங்கள். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் தரையைப் பார்ப்பேன். அது எனக்குப் பழகிப்போய்விட்டது.

மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். அவள் இங்கே பிறந்தவள், நாளைக்கு என்பதும் அவள் வாயில் இத்தாலியத்தில்தான் வரும். "Domani போய்ச் சொல்லுங்கோ அம்மா. என்ன, வேலையால நிப்பாட்டுவினமோ?"

நிறுத்திவிடுவார்கள் என்றுதான் நான் பயந்தேன். இங்கே தங்குவதற்கான அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க வேண்டிய வருடம் அது. வேலை ஒப்பந்தம் இல்லாமல், அதைக் கொடுக்கும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் போய் நிற்க முடியாது. இருந்தாலும் மறுநாள் காலை போனதும் போகாததுமாகச் சொல்லிவிட்டேன். தண்ணீர் சுட்டது, எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

தொத்தொரெஸ்ஸா எழுதிக்கொண்டிருந்த குறிப்பேட்டை மூடிவைத்தார்.

"ஏன் சொல்லேல்லை?"

"என்ரை வேலை இல்லை எண்டு நினைச்சன்."

"நான் வெப்பமானியைத் திரும்பப் பார்த்திருக்க வேணும். பிழை என்ரை" என்றார். "ஆனா நீங்கள் சொல்லியிருந்தால் அதுகள் செத்திருக்காது. அதுவும் உண்மை."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். பரவாயில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் பழையபடி துடைப்பத்துக்கே போயிருப்பேன்.

அன்றே அவர் ஒரு விதி வைத்தார். மயக்கும் அறையில் நிற்கும் எவரும், யாராக இருந்தாலும், "பஸ்தா" என்று சொல்லலாம். போதும் என்று அர்த்தம். சொன்னவுடனே மீனை நல்ல தண்ணீருக்கு மாற்ற வேண்டும். ஏன் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். இன்னொரு வெப்பமானி வாங்கி அதை என் பொறுப்பில் விட்டார். தண்ணீர் சூடானால் எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்பதைக் குளிர்ந்த நாளிலும் வெயில் நாளிலுமாகத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து எழுதினோம். நான் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக ஒரு மாதம் எடுத்தது. முதல் தடவை சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. தொத்தொரெஸ்ஸாவுக்குக் கேட்டது. உடனே மீனைத் தூக்கினார்.

செப்டெம்பர் கடைசியில் தாய் மீனின் கதை வந்தது.

ஒராத்தா பிறக்கும்போது ஆண். சில வருடம் வளர்ந்த பிறகு பெரும்பாலானவை பெண்ணாகும். அதனால் முட்டையிடும் பெரிய பெண் மீன் என்றால் பல வருடம் காத்திருந்து கிடைத்த ஒன்று. எங்கள் தொட்டியில் அப்படி ஒன்று இருந்தது. கடலில் தூண்டிலில் பிடிபட்டு வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கோடையில் தீன் எடுப்பதைக் குறைத்தது. பிறகு தாடையோரத்தில் ஒரு வீக்கம் தெரிந்தது. பழைய தூண்டில் முள் ஒன்று முறிந்து உள்ளேயே தங்கி, அதன்மேல் சதை வளர்ந்துவிட்டிருந்தது. என் அப்பா கட்டிய முட்களை நான் கண்டிருக்கிறேன். அப்படி ஒன்று தங்கிப்போன தாடையை அன்றுதான் கண்டேன்.

வெட்டி எடுக்க நகரத்திலிருந்து ஒரு மிருக வைத்தியர் வந்தார். கெட்டிக்காரர், அவசரக்காரர். தொத்தொரெஸ்ஸா பசிலிக்கோ எண்ணெயைத் தேர்ந்தார். அதில் மீன் மெல்ல மயங்கி மெல்ல எழும்பும் என்று எங்கள் கணக்கு. நான் வெப்பமானியைப் பார்த்துச் சொன்னேன், அவர் அளந்து கலந்தார். இரண்டு கையாலும் தாங்க வேண்டிய அந்தப் பெரிய மீன் வாளிக்குள் அமைதியாகச் சாய்ந்தது. ஈரத் துணி விரித்த தொட்டிலில் கிடத்தி, மருந்து கலந்த தண்ணீர் சின்னக் குழாயால் வாய்க்குள் போய்ச் செவுள் வழியே வரும்படி வைத்தோம். வைத்தியர் வெட்டத் தொடங்கினார். நான் தலைமாட்டில் நின்று எண்ணினேன்.

முதலில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு எண்ணிக்கை தாழ்ந்தது. இரண்டு மூச்சுக்கு நடுவில் இடைவெளி கூடியது. நான் பார்த்து வைத்திருந்த அந்த எல்லைக்குக் கீழே போனது.

"பஸ்தா" என்றேன்.

வைத்தியர் நிமிரவில்லை. "ஒரு நிமிசம். முள்ளின்ரை தலை தெரியுது."

"பஸ்தா!" இந்த முறை என் குரல் கொட்டகை முழுவதும் கேட்டது. வெளியே தீன் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம்.

வைத்தியர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். என் நீல மேலங்கியில் துப்புரவுப் பணி என்றுதான் எழுதியிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தொத்தொரெஸ்ஸா மீனைத் தூக்கி நல்ல தண்ணீரில் என் கையில் தந்துவிட்டார்.

செவுள் நின்றிருந்தது. நான் மீனின் வயிற்றடியில் கையைக் கொடுத்து, வாய் நீரோட்டத்துக்கு எதிராக இருக்கும்படி பிடித்து, முன்னுக்கு முன்னுக்கு மெல்லத் தள்ளிக்கொண்டு, குனிந்தபடியே தொட்டியின் விளிம்போடு சுற்றி நடந்தேன். தண்ணீர் அதன் வாய்க்குள் போய்ச் செவுளைத் தொட வேண்டும். வேறு ஒன்றும் செய்வதற்கில்லை. முழங்கை வரை நனைந்தது. முதுகு வலித்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. வாய்க்குள் எண்ண எதுவும் இல்லாமல், "வாங்கோ பிள்ளை, வாங்கோ" என்று தமிழில் சொல்லிக்கொண்டே நடந்தேன். அதை நான் சொன்னேன் என்று பிறகு தொத்தொரெஸ்ஸா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மூன்றாவது சுற்றில் என் விரல் நுனியில் ஏதோ இடித்தது. செவுள் மூடி. ஒரு தடவை திறந்து மூடியது. நான் அசையாமல் நின்றேன். மறுபடியும். பிறகு இன்னொன்று.

"ஒண்டு" என்றேன் சத்தமாக. "ரெண்டு. மூண்டு."

தொத்தொரெஸ்ஸாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எண்ணுகிறேன் என்பது விளங்கியது. அவர் கண் கலங்கியதை நான் பார்க்காதது போல இருந்தேன். மீன் வாலை ஒரு தடவை பலமாக அடித்து, என் கையிலிருந்து வழுக்கிப் போனது.

வைத்தியர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "அடுத்த கிழமை திரும்ப வாறன். அப்பவும் நீங்களே எண்ணுங்கோ" என்றார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சொன்னபடி வந்தார். இம்முறை எண்ணெயைக் குறைத்தோம், காற்றுக் குமிழியைக் கூட்டினோம். முள் முழுசாக வந்துவிட்டது. என் சின்ன விரல் நகம் அளவுதான், கறுத்துத் துருப்பிடித்திருந்தது.

மீன் நாலு நாள் மூலையிலேயே நின்றது. ஐந்தாம் நாள் தீனுக்கு மேலே வந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் இறங்கி, உணவகத்தின் பின்கதவில் நின்று கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"சாப்பிட்டதோ?" என்று கேட்டார். கையில் கரண்டியோடு வெளியே வந்திருந்தார்.

"ஓம். சாப்பிட்டது."

"அப்ப நீயும் வந்து சாப்பிடு" என்று உள்ளே கூட்டிப்போய் ஒரு தட்டு பாஸ்தா போட்டுத் தந்தார். அவர் பகிடி விடவில்லை.

டிசெம்பரில் ஒரு காலை, தாய் மீன்களின் தொட்டியிலிருந்து தண்ணீர் வழியும் இடத்தில் கட்டிய மெல்லிய வலையை எடுத்தபோது அடியில் சவ்வரிசியைவிடச் சின்னதாக, கண்ணாடி போல ஏதோ திரண்டிருந்தது. முட்டைகள். ஒரு கிண்ணத்தில் விட்டுப் பார்த்தோம். நல்ல முட்டை மிதக்கும். அவ்வளவும் மிதந்தன. அந்தத் தொட்டியில் வேறு பெண் மீன்களும் உண்டு, எல்லாம் நாங்கள் முள் எடுத்தவளுடையவை என்று சொல்ல முடியாது என்றார் தொத்தொரெஸ்ஸா. அவர் அப்படித்தான், தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டார். நான் மனதுக்குள் எனக்குப் பிடித்தபடி நினைத்துக்கொண்டேன்.

புது வருடத்தில் அவர் என் ஒப்பந்தத்தை மாற்றி எழுதினார். துப்புரவுப் பணி என்று இருந்த இடத்தில் மீன் பராமரிப்பு உதவியாளர் என்று வந்தது. அதை எடுத்துக்கொண்டு குவெஸ்தூராவுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலர் தாளைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதென்ன வேலை? மீன் விக்கிறீங்களோ?"

"இல்லை. மீனுக்கு நோகாமல் மயக்கம் குடுக்கிறம். கராம்பெண்ணெயால."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "மீனுக்கு நோகுமோ?"

பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஆனாலும் அவர் உண்மையிலேயே கேட்டார் என்று பட்டது. அதனால் உண்மையிலேயே பதில் சொன்னேன். பிடிக்கும்போது மூச்சு எப்படி ஏறும், மயங்கியபின் எப்படி அடங்கும், நான் எண்ணியிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு முத்திரை குத்தினார்.

அந்த முட்டைகளில் வந்த குஞ்சுகள் கோடை தொடங்கும்போது என் விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தன. தடுப்பூசி போடும் நாளில் நிலையத்தில் இருந்த எல்லோரும் ஆய்வறையில் நின்றோம். வன்னியிலிருந்து வந்து புதிதாகத் துப்புரவுப் பணியில் சேர்ந்திருந்த ஒரு பெண்ணும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உள்ளை வரலாமோ?"

"வாங்கோ. ஆனா ஒண்டு. அதுகளுக்கு ஏதும் பிழையெண்டு கண்ணில பட்டால் பஸ்தா எண்டு சொல்ல வேணும். நான் சொல்லுவன் எண்டு பாத்துக்கொண்டு நிக்கக்கூடாது. நீங்கள் கண்டால் நீங்கள் சொல்ல வேணும்."

அவள் சரியென்று தலையசைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக மயக்கி, ஊசி போட்டு, நல்ல தண்ணீரில் விட்டோம். மத்தியானத்துக்கு முன் முடிந்துவிட்டது. தொத்தொரெஸ்ஸா தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்து, குறிப்பேட்டில் இறந்தவை என்ற கட்டத்தைக் காட்டிப் பேனையை என்னிடம் நீட்டினார். நான் பூச்சியம் என்று எழுதினேன். பிறகு எல்லோரும் வெளியே கல்லில் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்தோம்.